கண்ணை மூடிக்கொண்டு எறியும் கல்

புதிதாக அங்கி உடுத்தியிருக்கும் உங்களுக்கு இறையியல் கல்லூரியில் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். எப்படித் தொடங்குவது, எங்கே குரலை இறக்குவது, நோயாளியின் கட்டிலருகே எப்படிச் சுருக்கமாக முடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஜெபத்துக்குள் ஒளிந்து நின்றுகொண்டு கல்லெறிபவர்களை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித்தரவில்லை. மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சபை சபையாக மாறி மாறி ஊழியம் செய்து, தலைமயிர் முக்கால்வாசி கொட்டின பிறகுதான் எனக்கே அது விளங்கியது. உங்களுக்கு இன்னும் தலை நிறைய மயிர் இருக்கிறது. அது கொட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உலகத்தில் மறுமொழி சொல்ல முடியாத பேச்சு ஒன்று உண்டென்றால் அது ஜெபந்தான். மேடையில் ஒருவர் உங்களைத் திட்டினால் எழுந்து நின்று கேட்கலாம். கூட்டத்தில் திட்டினால் கையை உயர்த்தலாம். முகநூலில் திட்டினால் நீங்களும் இரண்டு வரி எழுதலாம். ஆனால் ஒருவர் கண்ணை மூடி, கையைக் கட்டி, "அன்பின் பரம பிதாவே" என்று தொடங்கிவிட்டால் நீங்கள் இருமக்கூட முடியாது. அவர் பேசுவது ஆண்டவரோடு. அது உங்கள் காதில் விழுவது தற்செயல். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஆகவே உங்களுக்குக் கோபப்பட உரிமையும் இல்லை. கடைசியில் நீங்களும் சேர்ந்து ஆமென் சொல்லவேண்டும், அதுதான் கொடுமை.

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில் பழுகாமம் பக்கம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். அண்ணன் தம்பி இருவர். வட்டை என்கிற வயல்வெளியில் இருவருடைய வயலும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரே ஒரு வரப்பு. அண்ணன் ஜெபித்தார்: "ஆண்டவரே, வரப்பை வெட்டி வெட்டி உள்ளே வருகிற கைகளைத் தொட்டருளும்." தம்பி விடுவாரா? அடுத்ததாக அவர் ஜெபித்தார்: "ஆண்டவரே, நேரான வரப்பைக் கோணல் என்று காண்கிற கண்களைச் சுகமாக்கும்." இரண்டுக்கும் வீடே அதிரும்படி ஆமென் சொன்னோம். ஆண்டவர் யாருடைய பக்கம் சாய்ந்தாரோ தெரியாது. அடுத்த போகத்துக்கு இருவரும் காணிக் கந்தோருக்கு வழக்கோடு போனார்கள்.

இதை நான் அப்போது ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு பிறகு, எந்தச் சபைக்குப் போனாலும் இந்த மொழிக்கு ஓர் அகராதி தேவை என்று கண்டேன். "நீர் அறிவீர், ஆண்டவரே" என்றால், இங்கே இருக்கிற நீங்கள் எல்லோரும் அறிந்துகொள்ளுங்கள் என்று பொருள். "சிலருடைய உள்ளங்களில்" என்றால் மூன்றாவது கதிரையில் இருப்பவர். "எனக்கொரு பாரம் இருக்கிறது" என்றால் ஒருவரைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. வாட்ஸ்அப் வந்த பிறகு இந்தப் பாரங்களுக்கு ஜெபக் குறிப்பு என்று பெயர் மாறியது. முன்பு ஒரு வதந்தி ஏறாவூரைத் தாண்ட ஒரு கிழமை எடுக்கும். இப்போது கும்பிடும் கைகளின் படத்தோடு, காலைத் தேநீர் ஆறுவதற்குள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது ஜெயந்தி டீச்சரின் கதை.

ஓய்வு பெறுமுன் எனக்குக் கிடைத்த கடைசிச் சபை வாவிக்கரையோரம் இருந்தது. சிறிய ஆலயம், பக்கத்தில் ஒரு மண்டபம். வார நாட்களில் அந்த மண்டபந்தான் பாலர் பாடசாலை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். நம்முடைய பிள்ளைகள், கோவிலடி இந்துப் பிள்ளைகள், ஏறாவூர்ப் பக்கமிருந்து நாலைந்து முஸ்லிம் பிள்ளைகள். அத்தனை பேரையும் தனி ஆளாக மேய்த்தவர் ஜெயந்தி டீச்சர். நம்முடைய சபைப் பெண்தான். பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. அவருடைய கணவர் கடலுக்குப் போகிறவர். எண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தது. ஆகவே டீச்சர் கொண்டுவரும் அந்தச் சின்னச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது ஊருக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. எங்கள் சபைச் செயலாளரின் தங்கை மகள் பாலர் கல்வியில் டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தால் நல்லது என்று செயலாளர் நினைத்தார். அவர் நினைத்ததில் பிழையே இல்லை. மனிதன் தன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வழி தேடத்தான் வேண்டும். ஆனால் அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. டீச்சரிடம் சொல்லவில்லை. மூன்று மாதமாக ஓயாமல் ஜெபித்த அந்த மனிதர் ஆண்டவரிடங்கூட அதைச் சொல்லவில்லை. ஆண்டவரிடம் அவர் சொன்னதெல்லாம் வட்டிலப்பத்தைப் பற்றித்தான்.

வட்டிலப்பம் என்ற அந்த முட்டை இனிப்பு எப்படி வந்தது என்றால், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் ஏறாவூர்த் தாய் ஒருத்தி ஒரு பெரிய சட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். முட்டையைக் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில், அவ்வளவு முட்டையையும் உடைத்துப் பிள்ளைகளுக்காக அவித்திருந்தார். டீச்சர் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் சட்டியை வழித்துத் தின்றார்கள். அன்று பின்னேரமே வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் செயலாளரின் குறிப்பு வந்தது: "நம் பாலகரின் ஆகாரத்துக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்." கீழே பதினைந்து கும்பிடும் கைகள். கை கூப்பிய பலருக்கு எதற்காகக் கூப்புகிறோம் என்பதே தெரியாது. இந்தச் செயலாளர் ஏறாவூரில் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் வட்டிலப்பத்துக்கு இரண்டாம் முறை தட்டு நீட்டுகிறவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நான் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர்ல ஏதும் குறை கண்டீங்களா?"

"சீச்சீ, ஒண்டுமில்ல ஐயா. ஒரு பாரம். ஜெபிச்சுக்கொண்டு இரிக்கம்," என்றார்.

இதற்கு என்ன செய்வீர்கள்? குற்றச்சாட்டு என்றால் விசாரிக்கலாம். முறைப்பாடு என்றால் குழுவுக்குக் கொண்டுபோகலாம். பாரத்தை யாரால் விசாரிக்க முடியும்? டீச்சர் ஆலயத்துக்கு வந்தால் பெண்கள் அவருடைய தோளைத் தடவி, "நாங்க உங்களுக்காக ஜெபிக்கிறம்" என்பார்கள். நல்ல சுகத்தோடு இருக்கிற ஒருவரை இப்படித் தடவிக்கொண்டே இருந்தால் அவருக்கு என்ன ஆகும்? கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பே நின்றுபோனது.

கடைசியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைக் குழு கூடியது. கூடியது அந்த மண்டபத்தில்தான். சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த வாத்தும் நண்டும். பாலர் பாடசாலையைப் பற்றிப் பேச வேண்டியிருந்ததால் ஜெயந்தி டீச்சரையும் கூப்பிட்டிருந்தோம். அந்த விடயம் வந்ததும் செயலாளர் எழுந்தார்.

"ஐயா, இதப் பேசிறத்துக்கு முதல் எல்லாருமா ஒருக்கா ஜெபிப்பம்."

ஜெபிக்க வேண்டாம் என்று எந்தப் போதகர் சொல்ல முடியும்? கண்களை மூடினோம். மாதர் சங்கத் தலைவி தொடங்கினார், அடுத்ததாகப் பொருளாளர். கடைசி இடம் வழக்கப்படி செயலாளருக்கு. இந்தக் கடைசி இடத்தைக் கவனியுங்கள், தம்பிமாரே, தங்கச்சிமாரே. இப்படிப்பட்ட ஜெபத்தில் கடைசியாக ஜெபிப்பவர்தான் வெல்கிறவர். அவருக்குப் பிறகு கல்லெறிய ஆளில்லை.

அவர் நண்டுப் படத்துக்குக் கீழே நின்று, குரல் தழுதழுக்க ஜெபித்தார். "ஆண்டவரே, பிற மேசைகளிலிருந்து வருகிற இனிப்புகளுக்கு எங்கள் பிஞ்சுகளை விலக்கிக் காத்தருளும். உமது அடியாள் மிகவும் களைத்துப்போனாள் என்பதை நீர் அறிவீர். அவளுக்கு ஓர் இளைப்பாறுதலைக் கட்டளையிடும். அந்த இடத்துக்கு உமக்குப் பயந்த, டிப்ளோமாவும் முடித்த ஒரு மகளை நீரே ஆயத்தமாக்கி வைத்திருக்கிறீர் என்று விசுவாசிக்கிறோம்."

தான் மிகவும் களைத்துப்போன செய்தி ஜெயந்தி டீச்சருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும்.

இனி நான் முடிவு ஜெபம் செய்து ஆமென் சொல்ல வேண்டும். சொன்னால் கதை முடிந்தது. ஜெபத்தில் உணர்த்தப்பட்டபடி, ஏகமனதாக, ஆசிரியைக்கு ஓய்வளிக்கப்படுகிறது என்று செயலாளர் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசப்படவில்லை என்பது உண்மையாகவும் இருக்கும். பேசினால்தானே எதிர்ப்பதற்கு?

அந்த அரை நிமிடத்தைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். முதலில் எனக்கு வந்த யோசனை, இப்போதைக்கு ஆமென் சொல்லுவோம், பிறகு வீடு வீடாகப் போய்ச் சமாளிப்போம் என்பது. இது நம்முடைய தொழிலில் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை. ஓய்வுக்குக் கிட்டிய காலம், வருட அறிக்கை எழுதுகிறவர் செயலாளர், போதகர் வீட்டுக் கூரை வேறு ஒழுகுகிறது. இரண்டாவதாக வந்த யோசனை இதைவிட இனிப்பானது. முடிவு ஜெபம் என் கையில்தானே இருக்கிறது? எல்லோருக்கும் பிறகு எறிகிற கல் என்னுடையது. ஏறாவூர்க் கலியாண வீடுகளில் தட்டு நீட்டுகிறவர்களின் நாவுக்காகவும், மருமக்கள் மீதான பாசத்தால் பாரமடைந்த இருதயங்களுக்காகவும் ஓர் அருமையான ஜெபம் என் வாய்வரை வந்துவிட்டது. இவ்வளவு வருட ஊழியத்தில் அவ்வளவு அழகான ஜெபம் எனக்கு வாய்த்ததில்லை. அதை விழுங்கினேன். அதைச் சொல்லியிருந்தால் செயலாளரை வென்றிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு சண்டை பிடிப்பதுதான் இந்தச் சபையின் வழக்கம் என்பதையும் போதகராக நின்று உறுதிப்படுத்தியிருப்பேன்.

ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தேன்.

ஆமென் வராமல் கண் திறக்க யாருக்கும் துணிவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். பொருளாளரின் வயிறு பசியில் சத்தமிட்டது. மாதர் சங்கத் தலைவி ஒரு கண்ணை நூலளவு திறந்து என்னைப் பார்த்துவிட்டு, திடுக்கிட்டு மூடிக்கொண்டார். ஜெயந்தி டீச்சர் கண்ணை மூடியிருக்கவே இல்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எல்லாரும் கண்ணத் திறவுங்க," என்றேன்.

"ஐயா, இன்னும் ஆமென் சொல்லயில்ல," என்று பொருளாளர் கண்ணை மூடியபடியே ஞாபகப்படுத்தினார்.

"ஓம், சொல்லயில்ல. சொல்லப் போறதுமில்ல. திறவுங்க."

ஒவ்வொருவராகத் திறந்தார்கள். நான் செயலாளரைப் பார்த்தேன். "இப்ப ஆண்டவரிட்டச் சொன்னத, இஞ்ச இரிக்கிற டீச்சரிட்ட ஒருக்காச் சொல்லுங்க. நீங்க களைச்சுப்போனீங்க, வேலைய விடுங்க எண்டு, அவட முகத்தப் பார்த்துச் சொல்லுங்க."

"அது ஐயா... அது ஜெபத்தில வந்தது."

"ஜெபத்தில வந்தத பேச்சில சொல்ல ஏலாதா?"

"ஆவியானவர் ஏவினபடிதான் நான்..."

"இன்னொருக்காவும் ஏவுவார். நாங்க காத்திருக்கம்."

காத்திருந்தோம். செயலாளர் நண்டுப் படத்தைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், டீச்சரை மட்டும் பார்க்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை, இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அவளுடைய சோற்றைப் பறிக்க அவரால் முடியாது. கண்ணை மூடினால் மட்டுந்தான் முடியும்.

"எனக்கு டீச்சரோட ஒரு கோவமுமில்ல ஐயா," என்றார் மாதர் சங்கத் தலைவி. "குறிப்பு வந்திச்சு, ஜெபிச்சன்." பொருளாளர் தன் பங்குக்கு, வட்டிலப்பம் நல்ல சாப்பாடு என்பதே தன்னுடைய கருத்து என்றார்.

கோபத்தோடு பயமும் இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "ஒருத்தர பத்தி ஆண்டவரிட்டச் சொல்லிறதெண்டா, அத முதல் அவரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் சொல்ல வேணும். இந்தச் சபையில நான் இரிக்கும்வரைக்கும் இதுதான் ஒழுங்கு. டீச்சர் அவட வேலையச் செய்வா. வேற ஆருக்கும் ஏதும் சொல்ல இரிக்கா?" யாருக்கும் இருக்கவில்லை.

கூட்டத்தை ஜெபத்தோடுதான் முடிக்க வேண்டும், அதற்கு விலக்கில்லை. நான் ஜெபித்தால் அது வெற்றிக் கொண்டாட்டமாகிவிடும் என்று தோன்றியது. ஜெயந்தி டீச்சரை முடிக்கச் சொன்னேன். அவர் எழுந்தார். அடுத்த கல் எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறதோ என்று எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

"ஆண்டவரே," என்றார், "வெள்ளிக்கிழமையோட பால்மா முடிஞ்சிது. நாளைக்குப் புள்ளயளுக்குக் குடுக்க ஒண்டுமில்ல. சில புள்ளயள் வீட்டில சாப்பிடாம வாறாங்க. ஆமென்."

பொருளாளர் நீண்ட ஜெபத்துக்காகக் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று ஆமென் கேட்டதும், பழக்கதோஷத்தில் எல்லோரையும்விட உரத்து "ஆமென்" என்றார். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று யோசித்திருக்க வேண்டும். அவருக்குச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை உண்டு. தொண்டையைச் செருமினார்.

"கடையில பின்னுக்கு... ரெண்டு பெட்டி பால்மா கிடக்குமெண்டு நினைக்கிறன்."

"நேத்து நான் கேக்கக்குள்ள இல்லையெண்டீங்களே?" என்றார் மாதர் சங்கத் தலைவி.

"அது... வடிவாத் தேடிப் பார்க்கயில்ல."

வாழ்க்கையில் நான் ஆயிரம் எழுப்புதல் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். ஒரு வியாபாரி பின்னறையைத் திறக்கும்படி செய்த ஜெபம் அது ஒன்றுதான். அதற்கு இசை இல்லை, கண்ணீர் இல்லை, மூச்சு வாங்குகிற நேரத்துக்குள் முடிந்தும் போனது. பெட்டிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் செயலாளர் சொன்னார். அந்த அறையை விட்டு வெளியேற அவருக்கு ஏதோ ஒரு சாட்டு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை நான் மண்டபத்து வாசலில் நின்றேன். பெற்றோல் இல்லாத காலம். செயலாளர் வாவிக்கரை வீதியால் சைக்கிளை மிதித்துக்கொண்டு, பின்னால் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். இவ்வளவு வருடமும் அந்த மண்டபத்துக்கு ஞாயிறு தோறும் வந்தவர் திங்கட்கிழமை வந்தது அன்றுதான். உள்ளே ஒரு பிள்ளை அழுதது. இன்னொன்று மேசையில் ஏறியது. இரண்டு பேர் ஒரு கரண்டிக்குச் சண்டை பிடித்தார்கள். டீச்சர் ஒரு கையால் அழுகிற பிள்ளையைத் தூக்கி, மறு கையால் மேசைப் பிள்ளையை இறக்கிக்கொண்டே, "அண்ணன், இத ஒருக்காக் கலக்குங்க" என்று பால் வாளியை அவர் பக்கம் தள்ளினார்.

செயலாளர் கலக்கினார். வெள்ளைச் சட்டையெல்லாம் பால். பிள்ளைகள் குடித்து முடித்து ஓரளவு அமைதியான பிறகு, அவர் கரண்டியை வைத்துவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். நான் வாசலில் நிற்பதை அவர் மறந்தே போயிருக்க வேண்டும்.

"டீச்சர், என்ட தங்கச்சிட மகள் சும்மா வீட்ட இரிக்காள். படிச்சவள். அவளுக்கு ஒரு வேல வேணும்."

டீச்சர் கையிலிருந்த குவளையை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் நியாயந்தான்.

"இதயா அண்ணன் இவ்வளவு நாளும்?" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான் இஞ்ச தனிய நிண்டு அழுந்திறன். ஒராளால காணாது. இடமில்லையெண்டு எத்தின புள்ளயளத் திருப்பி அனுப்பிப்போட்டன். ரெண்டு பேர் நிண்டா அவங்களயும் எடுக்கலாம், அவங்க கட்டிற காசிலயே அவவுக்கும் சம்பளம் குடுக்கலாம். ஒருக்காக் கேட்டிரிந்தா நான் மாட்டனெண்டா சொல்லியிருப்பன்? எப்ப வருவா?"

செயலாளர், அத்தனை வருடப் பழக்கமல்லவா, கண்ணை மேலே உயர்த்தி, "ஜெபிச்சிட்டுச் சொல்றன், டீச்சர்" என்றார்.

"வேணாம் அண்ணன்," என்றார் ஜெயந்தி டீச்சர். "நாளைக்குக் காலையில அனுப்புங்க."